நெருப்புக்குள் சுழலும் சக்கரம்: டர்போவோடு வாழ்ந்த சான்ஃபோர்ட் மாஸ்!

போன மாதம் ஒரு சனிக்கிழமை முழுக்க மெக்கானிக் ஷெட்டில் போனது. கார் என்னுடையது இல்லை, நண்பனுடையது. டர்போ பெட்ரோல் இன்ஜின், வாங்கி 5 வருஷம்கூட ஆகலை. ஆக்ஸிலரேட்டரை மிதிச்சா பிக்கப் இல்லை. பின்னாடி நீலமா புகை. கூடவே ஆம்புலன்ஸ் சைரனைத் தூரத்தில் கேட்கிற மாதிரி ஒரு ஊளைச் சத்தம்.

மெக்கானிக் அண்ணன் டர்போவைக் கழற்றி எடுத்து, நடுவில் இருக்கும் ஷாஃப்ட்டை ரெண்டு விரலால் பிடிச்சு ஆட்டிக் காட்டினார். ஆடவே கூடாத அது, விழப்போற பால் பல் மாதிரி ஆடியது. அப்புறம் டர்போவுக்கு ஆயில் கொண்டு வரும் மெல்லிய குழாயைத் தரையில் தட்டினார். தோசைக்கல்லைச் சுரண்டினா வருமே, அந்த மாதிரி கறுப்புத் துகள்கள் கொட்டின. அது கரி. அதாவது, ஒரு காலத்தில் ஆயிலாக இருந்தது.

அவர் நண்பனிடம் கேட்டது ஒரே ஒரு கேள்விதான். ஹைவேயில் ஓட்டிட்டு வந்து நிறுத்தும்போது, இன்ஜினை எவ்வளவு நேரம் ஐடிலில் விடுவீங்க தம்பி? நண்பன் முழிச்ச முழியிலேயே பதில் இருந்தது. பில் எவ்வளவு ஆச்சுன்னு இங்கே எழுதினா அவன் என்னோடு பேசமாட்டான்.

அன்னைக்கு ராத்திரி இந்தச் சின்ன சக்கரத்தோட கதையைத் தேடிப் படிக்க ஆரம்பிச்சேன். அப்படித்தான் சான்ஃபோர்ட் மாஸ் கிடைச்சார். டர்போவை முதலில் யோசிச்சவர் இவர் இல்லை. அந்தப் பெருமை சுவிட்சர்லாந்தின் ஆல்ஃபிரட் பூச்சிக்குப் போகணும். 1905-லேயே பேட்டன்ட் வாங்கிட்டார் மனுஷன். ஆனா, சூடு ஒரு பக்கம், குளிர் ஒரு பக்கம், நடுவில் ஒரு ஆயில் படலம்னு இருக்கிற இந்தப் பிரச்னையோடு வாழ்க்கையில் பாதியை ஓட்டின ஆள் மாஸ்தான்.

காற்றை அழுத்தும் பையன்

1872-ம் வருஷம், ஆகஸ்ட் மாதம், அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் பிறந்தார் மாஸ். பதின்ம வயதிலேயே ஒரு பட்டறையில் வேலை பழகப் போய்விட்டார். காற்றை அழுத்தித் தரும் கம்ப்ரஸர்கள் சம்பந்தப்பட்ட பட்டறை அது. கையில் கிரீஸ், காதில் இரைச்சல். அங்கேதான் அவருக்கு ஒரு யோசனை வந்தது. அழுத்தின காற்றுக்குள்ளேயே எரிபொருளைக் கொளுத்தினா என்ன ஆகும்? அந்தச் சூடான வாயு வெளியே பாயும்போது ஒரு சக்கரத்தைச் சுழற்றாதா?

இன்னைக்குக் கேட்டா இது ஜெட் இன்ஜினுக்கான ஐடியான்னு பள்ளிப் பசங்களே சொல்லிடுவாங்க. அப்போ ரைட் சகோதரர்களே பறக்கலை. காரே அபூர்வம்.

பட்டறையோடு நின்னிருந்தா இந்தக் கட்டுரையே இல்லை. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்து இன்ஜினீயரிங் படித்தார். பிறகு நாட்டின் அந்தக் கோடிக்கு, நியூயார்க் மாகாணத்தில் இருக்கும் கார்னெல் பல்கலைக்கழகத்துக்கு டாக்டர் பட்டத்துக்காகப் போனார். ஆராய்ச்சித் தலைப்பு என்ன? அதே பழைய யோசனைதான், கேஸ் டர்பைன். அழுத்தின காற்றில் எரிபொருளை எரிச்சு, அந்த வாயுவை நீராவி டர்பைன் சக்கரம் ஒன்றின் மேல் பாய்ச்சினார். சக்கரம் சுழன்றது! ஆனா, காற்றை அழுத்தச் செலவான சக்தி, சக்கரம் கொடுத்த சக்தியைவிட அதிகம். பத்து ரூபாய் சம்பாதிக்க இருபது ரூபாய் பஸ் டிக்கெட் எடுத்த கதை.

1903-ல் டாக்டர் பட்டம் கிடைச்சது. அதே வருஷம் மாசசூசெட்ஸில் லின் என்ற ஊரில் இருக்கும் ஜெனரல் எலெக்ட்ரிக் ஆலையில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கேயும் கேஸ் டர்பைனைத் தொடர்ந்தார். ஆனா, எரிக்கிற எரிபொருளுக்கு வெளியே வரும் சக்தி ரொம்பவே கம்மி. அந்தச் சூட்டைத் தாங்கும் உலோகமும் அன்னைக்கு இல்லை. 1907-ல் நிறுவனம் அந்தத் திட்டத்தை மூடிவிட்டது. 35 வயசில், தான் இளமையிலிருந்து துரத்திய விஷயம் வேலைக்கு ஆகாதுன்னு ஆபீஸே சொன்னா எப்படி இருக்கும்?

வேலையை விடலை மாஸ். தெரிஞ்ச வேலையைப் பார்த்தார். இரும்பு உருக்கும் உலைகளுக்குக் காற்று ஊதும் பெரிய கம்ப்ரஸர்களை வடிவமைத்தார். 10 வருஷம் இப்படியே போனது. இந்தப் பத்து வருஷ வேலைதான் பின்னாடி அவருக்குக் கைகொடுத்தது. டர்போவில் ஒரு பாதி டர்பைன்னா இன்னொரு பாதி கம்ப்ரஸர்தானே.

மலை மேல் ஒரு லாரி

1917-ல் முதல் உலகப்போருக்குள் அமெரிக்கா நுழைந்தது. விமானங்களுக்கு ஒரு பெரிய தலைவலி இருந்தது. மேலே போகப் போகக் காற்று மெலியும். இன்ஜினுக்கு மூச்சு திணறும். எந்த விமானம் உயரத்தில் இருக்கோ, அதுதான் கீழே இருக்கிறவனை அடிக்கும். ஆக, உயரத்தில் மூச்சு வாங்காத இன்ஜின் யாரிடம் இருக்கோ அவனுக்குத்தான் வானம்.

பிரான்ஸில் அகுஸ்ட் ராத்தோ என்ற இன்ஜினீயர் இதற்கு டர்போவைப் பயன்படுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். அமெரிக்க அரசின் விமான ஆய்வுக் குழுவுக்கு அப்போது தலைவராக இருந்தவர் வில்லியம் டுரண்ட். அவர் முன்பு கார்னெலில் பேராசிரியர். அங்கே ஒரு மாணவர் சூடான வாயுவால் சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது அவருக்கு நினைவிருந்தது. ஜெனரல் எலெக்ட்ரிக்கைத் தொடர்புகொண்டார். மூடி வைத்த ஃபைல் திறந்தது. மாஸுக்கு அப்போது 45 வயது.

டர்போ செய்றது ரொம்ப எளிமையான வேலை, காகிதத்தில். இன்ஜினிலிருந்து வீணாக வெளியேறும் புகையை ஒரு சக்கரத்தின் மேல் பாய்ச்சணும். அதே ஷாஃப்ட்டின் மறுமுனையில் இன்னொரு சக்கரம். அது வெளிக்காற்றை உறிஞ்சி, அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும். அதிகக் காற்று, அதிக எரிபொருள், அதிக பவர். தூக்கி எறிகிற சூட்டிலிருந்தே வேலை வாங்கியாச்சு.

நிஜத்தில் அந்த ஷாஃப்ட்டின் ஒரு முனை செங்கனலாகச் சிவந்திருக்கும். மறுமுனையில் குளிர்ந்த காற்று. இரண்டுக்கும் நடுவில் ஒரு சாண் தூரம்கூட இருக்காது. அந்த இடைவெளியில் இருக்கும் பேரிங்கை ஆயில்தான் காப்பாத்தணும். மாஸின் டர்போக்கள் நிமிஷத்துக்கு 20,000 சுற்றுகளைத் தொடும் ரகம். இன்னைக்கு நம்ம கார்களில் இருப்பது எலுமிச்சம்பழம் சைஸ் சக்கரம். அது 1.5 லட்சம், 2 லட்சம் சுற்றுகள் வரைக்கும் போகும்.

டர்போ தயார். சோதிக்கணுமே? விமானத்தில் மாட்டிப் பறந்து பார்ப்பது உயிரோடு விளையாட்டு. அப்போது ஒரு முடிவெடுத்தார்கள். இன்ஜினை வானத்துக்குக் கொண்டுபோக முடியலைன்னா, மலைக்குக் கொண்டுபோவோம்!

கொலராடோவில் பைக்ஸ் பீக் என்று ஒரு சிகரம். உயரம் 14,000 அடிக்கு மேல். உச்சி வரைக்கும் கார் போகும் சாலை அப்போதுதான் ரெண்டு வருஷத்துக்கு முன்பு போட்டு முடித்திருந்தார்கள். கார் ரேஸ் ரசிகர்களுக்கு இந்தப் பேர் நல்லாத் தெரியும். 1916-ல் தொடங்கிய அந்த மலையேற்ற ரேஸ் இன்னும் நடக்குது. அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிடக் கிட்டத்தட்ட 40% குறைவு. நாலு படி ஏறினாலே நமக்கு மூச்சு வாங்கும்.

1918 செப்டம்பரில், 12 சிலிண்டர் லிபர்ட்டி விமான இன்ஜினை ஒரு லாரியின் மேல் ஏற்றினார்கள். பவர் அளக்கும் கருவியோடு அந்தக் குறுகலான மலைப்பாதையில் உச்சிக்குக் கொண்டுபோனார்கள். கூடவே 46 வயது மாஸும் அவருடைய குழுவும். மேலே பனி, எலும்பைத் துளைக்கும் குளிர். ஆயில் ஊத்தினா தேன் மாதிரி இறங்கும் இடம் அது. இன்ஜின் ஓடத் தொடங்கினா, அதே இடத்தில் டர்பைன் பக்கம் செக்கச்செவேலென்று பழுக்கும். நம்ம பார்க்கிங்கில் தினமும் சின்ன அளவில் நடக்கிற விஷயத்தை, அந்த ஆட்கள் பெரிய அளவில், கண்ணெதிரே பார்த்தார்கள்.

முடிவு என்ன ஆச்சு? கீழே டேட்டன் நகரத்தில் அந்த இன்ஜின் 350 குதிரைசக்தி கொடுத்திருந்தது. மலை உச்சியில் டர்போ இல்லாமல் ஓட்டியபோது 230-க்கு விழுந்தது. டர்போவை இணைத்ததும் 356. அதாவது, இன்ஜினுக்குத் தான் மலை மேல் இருப்பதே தெரியலை!

எனக்கு இந்த மூன்று எண்களும் ரொம்பப் பிடிக்கும். 1907-ல் மூடப்பட்ட ஃபைலுக்கு, 11 வருஷம் கழிச்சு ஒரு மலை உச்சியில் கிடைச்ச பதில் இது.

சோகம் என்னன்னா, ரெண்டே மாதத்தில் போர் முடிந்துவிட்டது. யாருக்கும் இப்போ அவசரம் இல்லை.

கண்கள் உறைந்த விமானி

போர் முடிஞ்சாலும் ராணுவம் இந்த டர்போவை விடலை. மரமும் துணியும் கலந்த ஒரு விமானத்தில் லிபர்ட்டி இன்ஜினைப் பொருத்தி, அதன் முகப்பில் மாஸின் டர்போவை மாட்டினார்கள். பழுத்த இரும்புச் சக்கரம் விமானியின் கண்ணுக்கு முன்னாடி! இப்படிச் செய்ததற்குக் காரணம் இருக்கு. எதிர்க்காற்று நேராக டர்பைன் மேல் அடிக்கும். அதைவிட இலவசமான கூலிங் வேறு எங்கே கிடைக்கும்?

1920 பிப்ரவரி 27. ருடால்ஃப் ஷ்ரோடர் என்ற விமானி அந்த விமானத்தை 33,000 அடிக்கு மேலே கொண்டுபோனார். இன்று நம்ம பயணிகள் விமானம் பறக்கிற உயரம். ஆனா, இவர் உட்கார்ந்திருந்தது திறந்த காக்பிட்டில். வெளியே மைனஸ் 50 டிகிரிக்கும் கீழே. ஆக்ஸிஜன் தடைபட்டது. கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்ததில் கண்கள் உறைந்துபோயின. மயங்கிவிட்டார். விமானம் மைல் கணக்கில் கீழே விழுந்துகொண்டே வந்தது. கடைசியில் நினைவு திரும்பி, அரைகுறைப் பார்வையோடு தரையிறக்கினார் அந்த மனுஷன். அடுத்த வருஷமே ஜான் மெக்ரெடி என்ற இன்னொரு விமானி அந்த உயரத்தையும் தாண்டினார்.

மனுஷன் உறைஞ்சாலும், இன்ஜின் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. மாஸின் சக்கரம் வேலை செய்யும்னு உலகத்துக்குத் தெரிஞ்சது. எவ்வளவு நாளைக்கு வேலை செய்யும் என்பதுதான் அடுத்த பிரச்னை.

பல் செட் உலோகம்

1920-களும் 30-களும் மாஸுக்கு மெதுவாக நகர்ந்தன. சாகசக் கதை தேடினா இந்தப் பகுதியில் ஒன்றும் கிடைக்காது. ராணுவம் கொஞ்சம் கொஞ்சமாகப் பணம் கொடுத்தது. மாஸ் லின் ஆலையில் உட்கார்ந்து மேம்படுத்திக்கொண்டே இருந்தார். டர்பைன் இதழ்கள் உடையும். சூடாகிக் குளிர்ந்து, மறுபடி சூடாகிக் குளிர்ந்து உலோகத்தில் வெடிப்பு விழும். பேரிங் தேயும். வேற வழி இருக்கேன்னு பல விமானக் கம்பெனிகள் இன்ஜினிலிருந்தே கியர் போட்டுச் சுழற்றும் சூப்பர்சார்ஜருக்குப் போய்விட்டன. சூடு கிடையாது, தலைவலி கிடையாது. நியாயம்தானே.

இங்கே ஒரு விஷயம் கவனிக்கணும். உலோகத்துக்குச் சூடு மட்டும் எதிரி இல்லை, திடீர் மாற்றமும் எதிரி. கண்ணாடி டம்ளரில் கொதிக்கும் டீயை ஊத்தினா விரிசல் விடுதே, அதே கணக்கு. மெதுவாகச் சூடேறி மெதுவாகக் குளிர்கிற உலோகம் பல காலம் வாழும்.

அந்தச் சூட்டைத் தாங்கும் உலோகம் எங்கிருந்து வந்தது தெரியுமா? பல் டாக்டர்களிடமிருந்து! பல் செட் செய்யப் பயன்பட்ட விட்டாலியம் என்ற கோபால்ட் கலவை உலோகம், வார்ப்பதற்குச் சுலபம், சூட்டில் இளகாது. 1940-களின் தொடக்கத்தில் டர்போவின் டர்பைன் இதழ்களை அதிலேயே வார்க்க ஆரம்பித்தார்கள்.

1938-ல் மாஸ் ஓய்வு பெற்றார். வயது 65. சரியாக அதே வருஷம், டர்போ பொருத்திய முதல் பி-17 குண்டுவீச்சு விமானம் பறந்தது. நாலு இன்ஜின், நாலு டர்போ. அதுவும் முதலில் இன்ஜின்களுக்கு மேல்பக்கம் டர்போவை வைத்து, காற்றோட்டம் கெட்டுப்போய், பிறகு அடிப்பக்கத்துக்கு மாற்றின பிறகுதான் சரிவந்தது.

ரிட்டயர்டு ஆன மனுஷன் பேரன் பேத்தியோடு பார்க்குக்குப் போயிருக்கலாம். இரண்டாம் உலகப்போர் நெருங்கியது. மாஸ் ஆலைக்கே திரும்பினார், ஆலோசகராக. 1940-ம் ஆண்டுக்கான கோலியர் டிராஃபி, அமெரிக்க விமானத்துறையின் பெரிய விருது, டர்போவுக்காக மாஸுக்கும் அமெரிக்க ராணுவ விமானப் பிரிவுக்கும் சேர்த்துக் கொடுக்கப்பட்டது. பைக்ஸ் பீக்கிலிருந்து 22 வருஷம்!

25,000 அடியில் உறைந்த ஆயில்

போரில் 12,700-க்கும் மேற்பட்ட பி-17 விமானங்கள் தயாராகின. இந்த ஒரு மாடலுக்கே சுமார் 50,000 டர்போ. அது போக பி-24, பி-47, பி-38 என்று டர்போவை நம்பிய விமானங்கள் வரிசையாக வந்தன.

ஐரோப்பிய வானத்தில் 25,000 அடியில் வெளியே மைனஸ் 30, 40 டிகிரி. விமானத்தின் அடியில் டர்பைன் சக்கரம் ராத்திரி நேரத்தில் தணல் மாதிரி தெரியும். இந்த நிலைமையில் முதலில் மக்கர் செய்தது எது? சக்கரம் இல்லை, ஆயில். டர்போவின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் ஆயிலால் இயங்கியது. மெல்லிய குழாய்களில் அசையாமல் நின்ற ஆயில், குளிரில் அல்வா மாதிரி இறுகிப்போகும். அப்புறம் விமானி லிவரை நகர்த்தினாலும் டர்போவுக்குச் செய்தி போகாது. சில சமயம் தேவைக்கு மேல் சுற்றும். அதனால், மேலே ஏறும்போது அவ்வப்போது டர்போ லிவரை முன்னும் பின்னும் நகர்த்தி, ஆயிலைச் சூடாகவே வைத்திருக்க விமானிகளுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். பிறகு எலெக்ட்ரானிக் ரெகுலேட்டர் வந்துதான் இந்தத் தொல்லை ஓய்ந்தது.

இரட்டை இன்ஜின் பி-38 விமானிகளுக்கு இன்னும் மோசம். குளிரில் மெதுவாகப் பறந்துகொண்டிருப்பார்கள், ஆயில் ஆறிக் கெட்டியாகிக் கிடக்கும். திடீரென்று எதிரி தெரிவான். ஒரே இழுப்பில் முழு த்ராட்டில். ஆறிப்போன இன்ஜினும் டர்போவும் அந்த அதிர்ச்சியைத் தாங்காமல் போன சம்பவங்கள் நிறைய.

தரையிலும் ஒழுங்குமுறை இருந்தது. ஸ்டார்ட் செய்ததும் குறைந்த ஆர்.பி.எம்-மில் ஓடவிட்டு, ஆயிலின் சூடும் அழுத்தமும் சரியான அளவுக்கு வந்த பிறகுதான் ஓடுபாதைக்குப் போகணும். தரையிறங்கினதும், சிலிண்டர்களின் சூடு இறங்கும் வரை ஐடிலில் விட்டுத்தான் அணைக்கணும். 20 வயசுப் பசங்க அந்த விமானங்களை ஓட்டினார்கள். குண்டு மழையில் தப்பிச்சு வந்து தரை தொட்ட பிறகும், இன்ஜின் ஆறும் வரைக்கும் காத்திருந்து அணைத்துவிட்டுத்தான் இறங்கினார்கள். இதை யோசிச்சா, ஹோட்டல் வாசலில் ஒரு நிமிஷம் காத்திருக்க முடியாத நம்மளை நினைச்சுச் சிரிப்புதான் வருது.

1941-ல் இன்னொரு திருப்பம். இங்கிலாந்தின் ஃப்ராங்க் விட்டில் செய்த ஜெட் இன்ஜினை அமெரிக்காவில் தயாரிக்க ஒரு கம்பெனி தேவைப்பட்டது. பழுத்த டர்பைன், வேகமான கம்ப்ரஸர், சூடு தாங்கும் உலோகம் எல்லாவற்றிலும் கை பழகினது யார்? லின் ஆலைதான். 1942 அக்டோபரில் அமெரிக்காவின் முதல் ஜெட் விமானம் பறந்தது, அங்கே செய்த இன்ஜினோடு. சான் பிரான்சிஸ்கோ பட்டறையில் ஒரு பையன் யோசித்தானே, அழுத்தின காற்றில் நெருப்பு வைத்துச் சக்கரம் சுழற்றுவது, அது கடைசியில் விமானத்தையே தூக்கிக்கொண்டு போனது. எந்த ஆலையில் அந்தத் திட்டம் 1907-ல் மூடப்பட்டதோ, அதே ஆலை. மாஸ் அதைப் பார்க்க உயிரோடு இருந்தார். 1946 நவம்பரில், 74 வயதில் இறந்தார்.

டர்போ கார் கடைக்கு வந்ததை அவர் பார்க்கலை. அதற்கு இன்னும் 16 வருஷம் பாக்கி இருந்தது. 1962-ல் அமெரிக்காவில் ஓல்ட்ஸ்மொபீல் ஜெட்ஃபயர், ஷெவர்லே கார்வெய்ர் என்று ரெண்டு டர்போ கார்கள் வந்தன. ஜெட்ஃபயரில் இன்ஜின் நாக்கிங் ஆகாமல் இருக்கத் தண்ணீரும் மெத்தனாலும் கலந்த ஒரு திரவத்தைத் தனி டேங்க்கில் ஊத்தணும். பலர் ஊத்த மறந்தார்கள். மாஸ் இருந்திருந்தா தலையில் அடிச்சுக்கிட்டிருப்பார்.

சரி, நம்ம கார்?

நண்பனின் டர்போவுக்கு வருவோம். பெட்ரோல் இன்ஜினில் டர்போவுக்குள் பாயும் புகை 900 டிகிரி செல்சியஸைத் தாண்டும். ஹைவேயில் விரட்டிட்டு வந்து, டீக்கடை ஓரம் நிறுத்தி, அடுத்த நொடி ஆஃப் செய்தா ஆயில் பம்ப் நின்னுடும். ஆனா, டர்பைன் பக்கத்துச் சூடு எங்கே போகும்? ஷாஃப்ட் வழியாக பேரிங்குக்கு வரும். அங்கே தேங்கி நிற்கும் ஆயில் வறுபட்டுக் கரியாகும். ஒரு நாளில் ஒன்றும் ஆகாது. 500 நாள் இப்படிச் செய்தா, தட்டினதும் கொட்டுகிற அந்தக் குழாய்தான்.

உடனே பயந்துபோய் தினமும் 5 நிமிஷம் ஐடிலில் விடவேண்டிய அவசியம் இல்லை. டிராஃபிக்கில் ஊர்ந்து வீட்டுக்கு வந்தா, டர்போ ஏற்கெனவே ஆறித்தான் இருக்கும். தெருவுக்குள் வரும் கடைசி சில நிமிஷங்களை மெதுவாக ஓட்டுவதே நல்ல கூலிங். ஹைவே வேகத்திலிருந்து நேராக நிறுத்தினாலோ, கொண்டை ஊசி வளைவுகளில் ஃபுல் லோடோடு ஏறி வந்து நின்றாலோதான், ஒரு நிமிஷம், ரொம்ப விரட்டியிருந்தா ரெண்டு நிமிஷம். இப்போ வரும் பல கார்களில் டர்போவைச் சுற்றிக் கூலன்ட் ஓடும். சிலவற்றில் இன்ஜின் நின்ற பிறகும் மின்சார பம்ப் அதைச் சுற்றவைக்கும். வண்டியை ஆஃப் செய்தும் உள்ளே ஏதோ ஓடுதே என்று பதறி சர்வீஸ் சென்டருக்குப் போன் போடாதீங்க.

பழைய லாரி டிரைவர்களிடமிருந்து நம்ம ஆட்களுக்கு ஒட்டிக்கொண்ட ஒரு பழக்கம் இருக்கு. ஆஃப் செய்வதற்கு முன்னாடி ஆக்ஸிலரேட்டரை ஒரு தடவை உறுமவிடுவது. டர்போ வண்டியில் இதை மட்டும் செய்யவே கூடாது. சக்கரத்தை வேகமாகச் சுழலவிட்டு, அதே நொடியில் அதன் ஆயிலைப் பிடுங்குகிற வேலை அது.

காலையில் கதை தலைகீழ். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் ஆயில் கீழே இறங்கியிருக்கும், கெட்டியாகவும் இருக்கும். டர்போவுக்குப் போய்ச் சேரச் சில நொடிகள் ஆகும். சாவி திருப்பினதும் உறும விடாமல், சீட் பெல்ட் போட்டு, கண்ணாடி சரிசெய்து, போனில் பாட்டு வைக்கும் அரை நிமிஷம் போதும். நின்ற இடத்திலேயே 5 நிமிஷம் சூடேற்றினா பெட்ரோல்தான் வீண். அதுவும் குளிர்ந்த இன்ஜினில் எரியாத பெட்ரோல் ஆயிலோடு கலந்து அதை நீர்த்துப்போக வைக்கும். கிளம்பிடுங்க. ஆனா, முதல் 10 நிமிஷம் 2,500 ஆர்.பி.எம்-மைத் தாண்டாமல் மெதுவாக. டேஷ்போர்டு முள் காட்டுவது கூலன்ட்டின் சூடு. ஆயில் அதற்கும் கொஞ்சம் பின்னாடிதான் சூடாகும். முள் நடுவுக்கு வந்ததுமே மிதிச்சா, நீங்களும் அந்த பி-38 விமானிதான்.

ஆயிலையும் சொல்லணும். கார் கையேட்டில் போட்டிருக்கும் கிரேடு, போட்டிருக்கும் கிலோமீட்டர். அதில் 200 ரூபாய் மிச்சம் பிடிக்கப் பார்க்காதீங்க.

நண்பன் இப்போ மாறிட்டான். அவங்க அபார்ட்மென்ட் புறவழிச்சாலையை ஒட்டியே இருக்கு. வேகம் குறைக்க இடமே கிடைக்காது. அதனால், ராத்திரி பார்க்கிங்கில் வண்டியை நிறுத்திவிட்டு, இன்ஜின் ஓட, ஒரு நிமிஷம் உள்ளேயே உட்கார்ந்திருக்கான். வீட்டில் சண்டையா தம்பி, மேலே போக பயமா என்று வாட்ச்மேன் தாத்தா ஒருநாள் கண்ணாடியைத் தட்டிக் கேட்டிருக்கார். அவன் சான்ஃபோர்ட் மாஸ் கதையை அவருக்கு முழுசாகச் சொல்ல ஆரம்பிச்சிருக்கான். பைக்ஸ் பீக் வரைக்கும் பொறுமையாகக் கேட்ட தாத்தா, வண்டி ஆறியிருக்கும், ஆஃப் பண்ணிட்டுப் போய்ச் சாப்பிடுங்கன்னு கேட்டைச் சாத்தப் போயிட்டாராம்.